ஒரே பந்தி

பெங்களூரு நகரில் ஒரு தெரு. தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே அதிகம். மாலை ஆறரை மணிக்குப் பெண்கள் படிப்பு மையம் கூடும். பகலில் சிலர் துணி தைக்கும் கம்பெனிக்குப் போவார்கள். சிலர் வீட்டு வேலைக்குப் போவார்கள். போன வருடம் 'அ, ஆ' எழுதத் தொடங்கியவர்கள் இவர்கள். இப்போது செய்தித்தாளின் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

மையத்துக்கு ஒரு வயது நிறைந்தது.

"எல்லாரும் சேர்ந்து சமைச்சு, ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடலாமே!" என்றார் மேரி.

எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று முடிவானது. என்ன சமைப்பது?

"கோழி பிரியாணி!" என்று நான்கைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

பார்வதி தயங்கினார். "நாங்க சைவம். எனக்குத் தயிர்சாதம் போதும்" என்றார்.

நூர்ஜஹான் மெல்லப் பேசினார். "கோழின்னா, ஓதி அறுத்த கடையில வாங்கணும். இல்லேன்னா என்னால சாப்பிட முடியாது. காய்கறி பிரியாணியே போட்டுட்டா என்ன? யாரும் தனியா உட்கார வேண்டாமே."

பார்வதி சிரித்துவிட்டார். "காய்கறியா? உங்க ஆளுங்களுக்குக் கறி இல்லாம சோறு இறங்காதேக்கா!"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார். மறுநாள் அவர் மையத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கேட்டால்தானே தெரியும்?

மூன்றாம் நாள் பார்வதியும் டீச்சரும் நூர்ஜஹான் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே கட்டிலில் அவருடைய மாமியார் படுத்திருந்தார்.

"மாமிக்குக் காய்ச்சல். அதான் வரலை" என்றார் நூர்ஜஹான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அன்னைக்கு விளையாட்டாத்தான் சொன்னேன்க்கா. மனசுல வச்சுக்காதீங்க" என்றார் பார்வதி.

நூர்ஜஹான் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நீ கெட்ட எண்ணத்துல சொல்லலைன்னு தெரியும். ஆனா அது எனக்குப் பழைய புண்ணு. போன வருஷம் வாடகைக்கு வீடு தேடினோம். பேரைச் சொன்னதுமே, 'நீங்க கறி சமைப்பீங்களே'ன்னு அஞ்சு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. எங்க வீட்டுல கறி வாரத்துல ஒரு நாள். கையில காசு இல்லாத வாரம் அதுவும் இல்லை. மத்த நாளெல்லாம் பருப்பும் ரசமும்தான். ஒருத்தராவது கேட்டாத்தானே தெரியும்?"

பார்வதி தலை குனிந்தார். "கேட்காம பேசினது தப்புக்கா. இப்பக் கேட்கிறேன். சொல்லுங்க."

நூர்ஜஹான் பாயை விரித்தார். தேநீர் வந்தது. பேச்சும் வந்தது.

எது கூடும்? எது கூடாது?

முஸ்லிம்கள் உணவை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆகுமான உணவு ஹலால். விலக்கப்பட்ட உணவு ஹராம். இரண்டும் அரபுச் சொற்கள்.

நிலத்தில் விளையும் உணவு எல்லாம் ஹலால். அரிசி, கோதுமை, பருப்பு, காய், கனி, கீரை, எண்ணெய் எல்லாம் இதில் அடங்கும். பாலும் தேனும் ஹலால். விஷமும் போதை தருவதும் மட்டும் கூடாது. கள், சாராயம், ஒயின், பீர் எல்லாமே ஹராம்.

விதிகள் அதிகம் இருப்பது இறைச்சிக்குத்தான். குர்ஆன் முக்கியமாக நான்கை விலக்குகிறது.

1. தானாகச் செத்த பிராணி.
2. ஓடும் இரத்தம்.
3. பன்றி இறைச்சி.
4. இறைவன் அல்லாத பிறர் பெயரால் அறுக்கப்பட்டது.

"அதனாலதான் ஆட்டு ரத்தப் பொரியல் எங்க வீடுகள்ல கிடையாது" என்றார் நூர்ஜஹான்.

கழுத்து நெரிபட்டோ, அடிபட்டோ, உயரத்திலிருந்து விழுந்தோ செத்த பிராணியும் கூடாது. புலி, நாய், பூனை போலக் கோரைப்பல்லால் கடித்துத் தின்னும் விலங்குகள் கூடாது. பருந்து, கழுகு போல நகத்தால் இரை பிடிக்கும் பறவைகளும் கூடாது.

ஆடு, மாடு, எருமை, ஒட்டகம், கோழி, வாத்து, புறா ஆகியவை கூடும். ஆனால் அவற்றை முறைப்படி அறுக்க வேண்டும். இறைவன் பெயரைச் சொல்லி, கூரான கத்தியால், தொண்டையில் விரைவாக அறுக்க வேண்டும். இரத்தம் வடிந்துபோக வேண்டும். பிராணியின் கண் முன்னால் கத்தியைத் தீட்டக் கூடாது. ஒரு பிராணி பார்க்க இன்னொன்றை அறுக்கக் கூடாது. அதைத் தேவையில்லாமல் துன்புறுத்துவது பாவம்.

மீனை அறுக்க வேண்டிய அவசியம் இல்லை. கடல் உணவில் மட்டும் வழக்கம் கொஞ்சம் மாறுபடும். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களும் காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களும் பெரும்பாலும் ஷாஃபி வழியைப் பின்பற்றுகிறார்கள். அந்த வழியில் கடலில் மட்டுமே வாழும் உயிர்கள் பொதுவாகக் கூடும். வட இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி வழியினர். தமிழ்நாட்டிலும் இவர்கள் நிறைய உண்டு. இவர்களுக்குக் கடலில் மீன் மட்டுமே கூடும். இறால் மீன் வகையா இல்லையா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடமே இரண்டு கருத்து உண்டு.

"ஒரே மதம்தானே, ஒரே விதி இருக்கும்னு நெனைச்சேன்" என்றார் பார்வதி.

"உங்க சைவத்துல எல்லாம் ஒரே விதியா?" என்று கேட்டார் டீச்சர்.

பார்வதி யோசித்தார். "இல்லை டீச்சர். எங்க வீட்டுல முட்டை கிடையாது. என் நாத்தனார் வீட்டுல முட்டை உண்டு. நான் சமையல் வேலை பார்க்கிறது ஒரு ஜைனர் வீடு. அங்கே வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவுமே உள்ளே வராது. மண்ணுக்கு அடியில விளையறதைத் தொடமாட்டாங்க."

"பார்த்தியா! வெளியே நின்னு பார்த்தா ஒண்ணு. உள்ளே வந்து பார்த்தா ஒம்பது" என்றார் நூர்ஜஹான். இப்போது அவரும் சிரித்தார்.

கறி கட்டாயமா?

"அக்கா, ஒண்ணு கேட்கவா? கறியே சாப்பிடாத முஸ்லிம் இருக்க முடியுமா?"

இருக்க முடியும். இறைச்சி உண்ண அனுமதி உண்டு. கட்டாயம் இல்லை. தொழுகையும் நோன்பும் போல இறைச்சி ஒரு கடமை அல்ல. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, பிடிக்கவில்லை என்றோ, மனம் இடம் கொடுக்கவில்லை என்றோ ஒருவர் அதை விட்டுவிடலாம். ஆனால் இறைவன் அனுமதித்ததைப் 'பாவம்' என்று தானாகச் சட்டம் போடக் கூடாது. சாப்பிடுபவரைப் பழிக்கவும் கூடாது. சாப்பிடாதவரை வற்புறுத்தவும் கூடாது.

நபிகள் நாயகம் இறைச்சி உண்டதுண்டு. ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் பல. பேரீச்சம்பழமும் தண்ணீருமே அப்போது உணவு என்று அவர் மனைவி ஆயிஷா நாயகி சொன்னதாக நபிமொழி நூல்களில் இருக்கிறது. குழம்பில் கிடக்கும் சுரைக்காயை அவர் தேடி எடுத்து விரும்பி உண்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது அவர் சொன்ன அளவு.

பக்ரீத் அன்று குர்பானி கொடுப்பதும் வசதி உள்ளவருக்குத்தான். வசதி இல்லாதவர்மேல் அந்தப் பொறுப்பு இல்லை. கொடுத்த இறைச்சியை மூன்று பங்காக்குவது வழக்கம். ஒன்று வீட்டுக்கு. ஒன்று உறவினருக்கும் நண்பருக்கும். ஒன்று ஏழைகளுக்கு. இறைவனைச் சேர்வது இறைச்சியும் அல்ல, இரத்தமும் அல்ல, மனிதரின் இறையச்சம்தான் என்று குர்ஆன் சொல்கிறது.

இராஜஸ்தானில் நாகௌர் என்று ஓர் ஊர். 13-ஆம் நூற்றாண்டில் ஹமீதுத்தீன் நாகௌரி என்ற சூஃபிப் பெரியவர் அந்தப் பக்கத்தில் வாழ்ந்தார். துண்டு நிலத்தில் தாமே பயிர் செய்தார். அவர் இறைச்சி உண்ணவில்லை.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்தவர் அப்துல் கலாம். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தார். அவர் சைவ உணவுக்காரர். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது விடுதியின் சைவ உணவுக்கூடத்துக்கு அவர்தான் செயலாளர். குர்ஆனும் ஓதினார். சைவமும் சாப்பிட்டார்.

"எங்க ஊர் கலாம் அய்யாவா!" என்று வியந்தார் பார்வதி.

அஜ்மீர் அண்டா

நூர்ஜஹானின் அத்தா இராஜஸ்தானில் உள்ள அஜ்மீருக்குப் போய் வந்தவர். அவர் சொன்ன கதையை நூர்ஜஹான் சொன்னார்.

அஜ்மீரில் காஜா முஈனுத்தீன் சிஷ்தி என்ற பெரியவரின் தர்கா இருக்கிறது. அவர் 1236-இல் மறைந்தார். 'கரீப் நவாஸ்' என்று அவரை மக்கள் அழைக்கிறார்கள். ஏழைகளை ஆதரிப்பவர் என்பது அதன் பொருள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் சீக்கியர்களும் அங்கே வருகிறார்கள்.

தர்காவுக்குள் இரண்டு பெரிய அண்டாக்கள் இருக்கின்றன. 'தேக்' என்று அவற்றுக்குப் பெயர். பெரியதைக் கொடுத்தவர் பேரரசர் அக்பர். சிறியதைக் கொடுத்தவர் அவர் மகன் ஜஹாங்கீர். பெரிய அண்டாவை எட்டிப் பார்க்கவே படி ஏற வேண்டும். ஒரே முறையில் ஆயிரக்கணக்கான பேருக்கு அதில் சமைக்கலாம்.

அதில் என்ன சமைக்கிறார்கள்? அரிசி, நெய், சர்க்கரை, முந்திரி, பாதாம், உலர்ந்த திராட்சை. இனிப்புச் சோறு! இறைச்சி கிடையாது. இரவில் சமைத்து, காலையில் எல்லோருக்கும் பங்கிடுகிறார்கள். ஏழைகளுக்குத் தினமும் வாற்கோதுமைக் கஞ்சியும் உண்டு. அதிலும் இறைச்சி இல்லை.

"அங்கே வர்றவங்க பல சாதி, பல மதம். எல்லாரும் கை நீட்டி வாங்குற சோறு அது. அதுல யாருக்கும் ஆகாதது எதுவும் கிடையாதுன்னு எங்க அத்தா சொல்லுவாங்க" என்றார் நூர்ஜஹான். "அதை நெனைச்சுத்தான் அன்னைக்குக் காய்கறி பிரியாணி போடலாம்னு சொன்னேன்."

பார்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

குறியைப் பாருங்கள், பட்டியலைப் படியுங்கள்

அப்போது கட்டிலில் இருந்த பாட்டி முனகினார். தலைமாட்டில் மருந்து அட்டை கிடந்தது. ஏழு நாள் மருந்து. இரண்டு நாள் மருந்துதான் தீர்ந்திருந்தது.

"ஏன் பாட்டிம்மா, மருந்து சாப்பிடலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"அந்தக் கூட்டு மாத்திரை மேல இருக்கிறது பன்றிக் கொழுப்பாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்கு வேண்டாம்" என்றார் பாட்டி.

நூர்ஜஹான் திடுக்கிட்டார். மாமியார் மருந்தை நிறுத்தியது அவருக்கே தெரியாது. "நானும்தான் அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டிருக்கேன். அது சைவமா அசைவமான்னு ஒரு நாளும் கேட்டதில்லையே!" என்றார் பார்வதி.

மாத்திரைக் கூட்டைக் கேப்ஸ்யூல் என்பார்கள். அது பெரும்பாலும் ஜெலட்டின் என்ற பொருளால் ஆனது. ஜெலட்டின் கொழுப்பு அல்ல. விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அது மாட்டிலிருந்தும் வரலாம். பன்றியிலிருந்தும் வரலாம். தாவரப் பொருளால் செய்த கூடுகளும் இப்போது உண்டு.

அன்றே அவர்கள் பாட்டியை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். "சந்தேகம் இருந்தா என்கிட்ட முதல்லயே கேட்டிருக்கலாமே, பாட்டி! இதே மருந்து சாதாரண மாத்திரையாவும் இருக்கு" என்று டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்தார். பாதியில் நிறுத்தியதால்தான் காய்ச்சல் திரும்பி வந்தது என்றும் சொன்னார்.

வரும் வழியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்த்தார்கள். "மாத்து மருந்து கிடைச்சா அதைச் சாப்பிடுங்க. வேற வழியே இல்லாம உயிருக்கு ஆபத்துன்னா, விலக்கப்பட்டதும் குற்றம் ஆகாது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர்மேல் பாவம் இல்லைன்னு குர்ஆன்லயே இருக்கும்மா" என்றார் அவர். பாட்டியின் முகம் தெளிந்தது.

மறுநாள் மையத்தில் டீச்சர் இதையே பாடமாக நடத்தினார். சில பொட்டலங்களைக் கொண்டுவந்து காட்டினார்.

பொட்டலத்தின் மேல் ஒரு சிறிய கட்டம் இருக்கும். கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். 2001 முதல் நம் நாட்டில் இந்தக் குறிகள் வழக்கத்தில் உள்ளன. அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. இப்போது பழுப்பு முக்கோணம். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கும் இது புரியும். முட்டை சேர்ந்தாலும் அசைவக் குறிதான். பால் சேர்ந்தால் சைவக் குறி.

குறி மட்டும் போதுமா? போதாது. சைவக் குறி உள்ள பொருளில் மது சேர்ந்திருக்கலாம். அது முஸ்லிம்களுக்கு ஆகாது. அசைவக் குறி உள்ளதில் என்ன பிராணி என்று குறி சொல்லாது. எனவே சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியலையும் படிக்க வேண்டும். பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மேரி ஒரு ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தார். விருந்துக்கு வரும் குழந்தைகளுக்காக வாங்கியது. அதில் பழுப்பு முக்கோணம் இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் நூர்ஜஹானின் மகள் பட்டியலைப் படித்தாள். "சர்க்கரை, ஜெலட்டின்..."

"இது எனக்கும் ஆகாது, அக்காவுக்கும் ஆகாது!" என்றார் பார்வதி. அதற்குப் பதிலாகக் கடலை மிட்டாய் வாங்குவது என்று முடிவானது.

பந்தி

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாடகைப் பாத்திரக் கடைக்குப் பார்வதியும் நூர்ஜஹானும் சேர்ந்து போனார்கள்.

"இந்த அண்டாவில கறி சமைச்சிருக்காங்களா?" என்று பார்வதி கேட்டார்.

"பன்றிக்கறி சமைச்சிருக்காங்களா?" என்று நூர்ஜஹானும் கேட்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கடைக்காரர் சைவச் சமையலுக்கென்று தனியாக வைத்திருந்த அண்டாவை எடுத்துக் கொடுத்தார்.

காய்கறி பிரியாணி தயாரானது. நூர்ஜஹான் தால்சா வைத்தார். வழக்கமாக அவர் அதில் ஆட்டெலும்பு போடுவார். அன்று கத்திரிக்காயும் மாங்காயும் வாழைக்காயும் போட்டார். பார்வதி தயிர்ப் பச்சடியும் கேசரியும் செய்தார். மேரி வாழைப்பழத் தார் கொண்டுவந்தார்.

பாட்டியும் மெல்ல நடந்து வந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் பார்வதி இலை போட்டு உட்கார்ந்தார். தால்சாவை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

"அக்கா, இதை எப்படி வைக்கிறதுன்னு சொல்லுங்க. நானே நோட்டுல எழுதிக்கிறேன்."

"சாப்பிட்டு முடி. எழுதலாம்" என்றார் நூர்ஜஹான்.

நினைவில் வையுங்கள்

* ஆகுமான உணவு ஹலால். விலக்கப்பட்டது ஹராம்.
* விளைபொருள்கள் எல்லாம் ஹலால். விஷமும் போதையும் மட்டும் கூடாது.
* முஸ்லிம்களுக்கு இறைச்சி அனுமதி. கட்டாயம் அல்ல.
* டாக்டரைக் கேட்காமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
* ஒருவரின் உணவைப் பற்றி நாமே முடிவு செய்ய வேண்டாம். அவரிடமே கேட்போம்.

பதில் எழுதுங்கள்

1. நூர்ஜஹான் ஏன் இரண்டு நாள் மையத்துக்கு வரவில்லை?
2. குர்ஆன் முக்கியமாக விலக்கும் நான்கு எவை?
3. அஜ்மீர் அண்டாவில் என்னென்ன போட்டுச் சமைக்கிறார்கள்?
4. பச்சை வட்டம் எதைக் குறிக்கிறது? பழுப்பு முக்கோணம் எதைக் குறிக்கிறது?
5. பாட்டிக்குக் காய்ச்சல் ஏன் திரும்பி வந்தது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள மூன்று உணவுப் பொட்டலங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன குறி இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் தெருவில் உள்ள எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்றால் என்ன சமைப்பீர்கள்? பக்கத்து வீட்டாரைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள்.